கொழும்பில் ஜோன்குவில் டஃபோடில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு "இந்த மஞ்சள் பூ எங்கள் வளவிலும் வருமா?" என்று கேட்காத ஆள் குறைவு. அதுவும் வாசனை உள்ள சின்ன டஃபோடில், ஜோன்குவில் என்கிறார்களே, அதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வெள்ளவத்தையில் பல்கனி மட்டும் இருப்பவருக்கும், தெகிவளையில் கொஞ்சம் மண் இருப்பவருக்கும் பயன்படும்.

ஜோன்குவில் என்பது எந்த டஃபோடில்? எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. கடைப் படங்களில் பெரிய எக்காளம் போல ஒற்றைப் பூவோடு நிற்பது வேறு. ஜோன்குவிலின் தாவரப் பெயர் நார்சிசஸ் ஜோன்குவில்லா. சொந்த இடம் ஸ்பெயினும் போர்த்துக்கலும். ஓரடி உயரம்தான் வரும், இலை கோரைப்புல் போல ஒடுங்கி உருண்டிருக்கும், ஒரே தண்டில் இரண்டிலிருந்து ஐந்து பூ வரை வரும். ஒவ்வொரு பூவும் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேலே, நடுவில் ஆழமில்லாத சின்னக் கிண்ணம், நல்ல மஞ்சள். கிழங்கும் சிறியது, கரும்பழுப்புத் தோலோடு இருக்கும்.

வாசனைக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா?

வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். டஃபோடில்களில் பல வாசனையே இல்லாதவை, அல்லது மூக்கைப் பூவுக்குள் விட்டால்தான் தெரிபவை. ஜோன்குவில் அப்படியல்ல, ஒரு தண்டு போதும், அறை நிறையும். பிரான்ஸில் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியக்காரர்கள் இதை அதற்காகவே பயிரிட்டார்கள். மல்லிகையில் இருக்கும் இன்டோல் என்ற பொருள் இதிலும் இருக்கிறது, அதனால் நம் மூக்குக்கு இது முற்றிலும் அந்நியமான மணம் அல்ல. இனிப்பான மணம், கொஞ்சம் கனமானது. படுக்கையறையில் இரவு முழுக்க வைத்தால் சிலருக்குத் தலை இடிக்கும், அவர்கள் ஹோலில் வைக்கட்டும்.

சரி, நேரடியாகக் கேட்கிறேன். கொழும்பில் தோட்டத்து மண்ணில் நட்டால் வளருமா?

வளராது. இலை வரலாம், பூ வராது, அடுத்த வருடம் கிழங்கும் இருக்காது. இதை மறைத்துக் கிழங்கு விற்பவர்களை நம்ப வேண்டாம்.

காரணம் இதுதான். ஜோன்குவில் பிறந்த ஊரில் குளிர்காலம் ஈரமாகவும் கோடை காய்ந்தும் இருக்கும். கோடையில் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும்போதே அடுத்த பூவின் மொட்டு அதற்குள் உருவாகிவிடும். அதற்குப் பிறகு பல வாரங்கள் குளிர் பட்டால்தான் தண்டு நீளும், மொட்டு வெளியே வரும். கிட்டத்தட்ட 12 முதல் 14 வாரம், 4 முதல் 9 பாகை செல்சியஸ் வரை குளிர் வேண்டும். கொழும்பில் வருடத்தின் மிகக் குளிரான தை மாத விடியலிலேயே 22 பாகை இருக்கிறது, பகலில் 30ஐத் தாண்டும். கிழங்குக்குக் குளிர்காலம் வந்ததே தெரியாது.

குளிர் மட்டும் பிரச்சினை என்றாலும் சமாளிக்கலாம், மழையும் சேர்கிறது. இங்கே வருடத்துக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை. கிழங்கு காய்ந்து கிடக்க வேண்டிய மே, ஜூன் மாதங்களில் தென்மேல் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும். சூடான ஈர மண்ணில் ஃபியுசாரியம் என்ற பூஞ்சை கிழங்கின் அடித்தட்டில் ஏறும். தோண்டி எடுத்து அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போகும், வெட்டினால் சொக்லேட் நிறத்தில் அழுகல் அடியிலிருந்து மேலே ஏறியிருக்கும். அந்தக் கிழங்கை எதனாலும் காப்பாற்ற முடியாது.

ஆகவே கொழும்பில் இதை ஒரு பருவத்துக்கான சாடிப் பூவாக நினையுங்கள். குளிரை நாம் கொடுக்கிறோம், அது ஒரு தடவை பூக்கும். அந்த அளவுக்கு ஆசைப்பட்டால் ஏமாற்றம் இல்லை.

குளிரை எப்படிக் கொடுப்பது?

பிரிட்ஜில். ஃப்ரீசரில் அல்ல, கீழ்த் தட்டில். இரண்டு வழி இருக்கிறது. கிழங்கைக் காகிதப் பையில் போட்டு அப்படியே குளிரவைத்து, பிறகு எடுத்து நடுவது ஒன்று. முதலிலேயே சாடியில் நட்டு, சாடியோடு பிரிட்ஜில் வைப்பது இன்னொன்று. இடம் இருந்தால் இரண்டாவதையே செய்யுங்கள் என்பேன், ஏனென்றால் குளிரில் இருக்கும்போதே வேர் ஓடிவிடும், வெளியே எடுக்கும் நேரம் செடி தயாராக இருக்கும். காய்ந்த கிழங்கைக் குளிரிலிருந்து எடுத்து 28 பாகை மண்ணுக்குள் வைத்தால் வேர் விடுவதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

நாட்கணக்கு சுலபம். ஐரோப்பாவில் கிழங்கு அறுவடை ஜூன், ஜூலையில், விற்பனைக்கு வருவது செப்டெம்பரில். கைக்குக் கிடைத்ததும் அலுமாரியில் போட்டு வைக்காதீர்கள், நவராத்திரி வாக்கில் சாடியில் நட்டு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தைப்பொங்கல் முடிந்த கையோடு வெளியே எடுத்தால் பதினான்கு வாரம் ஆகியிருக்கும். ஜனவரி, பெப்ரவரி மாதங்கள்தான் கொழும்பில் காற்று கொஞ்சம் காய்ந்து, இரவு கொஞ்சம் இறங்கும் காலம், பூவுக்கும் அதுவே நல்லது.

ஆறு அங்குலச் சாடி ஒன்றில் ஆறு ஏழு கிழங்கு நடலாம், ஒன்றோடொன்று முட்டாமல் இருந்தால் போதும். சாடியைப் பொலித்தீன் பையில் தளர்வாகச் சுற்றுங்கள், மூச்சு விட இரண்டு துளை போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை விரலை வைத்துப் பாருங்கள், மண் காய்ந்திருந்தால் கொஞ்சம் தண்ணீர், ஈரம் இருந்தால் தொடவே வேண்டாம். கரண்ட் இரண்டு மூன்று மணி நேரம் போனால் பயப்பட ஒன்றுமில்லை, கதவைத் திறக்காமல் விட்டால் சரி.

பிரிட்ஜில் பழங்களும் இருக்கின்றன, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது, இதில்தான் நிறையப் பேருக்குக் காரியம் கெட்டுப் போகிறது. பழுக்கும் பழம் எதிலீன் என்ற வாயுவை விடும். மாம்பழம், பப்பாளி, வாழைப்பழம், அப்பிள் எல்லாமே விடும். அந்த வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டை அங்கேயே கருக்கிவிடும். வெளியே பார்த்தால் கிழங்கு நன்றாகத்தான் இருக்கும், மூன்று மாதம் காத்திருந்து வெளியே எடுத்த பிறகு வெறும் இலை மட்டும் வரும். அந்த மூன்று மாதமும் பழங்களை வெளியே வையுங்கள், அல்லது பழைய சின்ன பிரிட்ஜ் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதைக் கிழங்குக்கு ஒதுக்குங்கள்.

ஐஸ் கட்டி போட்டு ஊற்றினால் போதும் என்கிறார்களே?

போதாது. ஐஸ் அரை மணி நேரத்தில் உருகிவிடும், கிழங்குக்குத் தேவை வாரக்கணக்கில் இடைவிடாத குளிர். மண்தான் சேறாகும்.

சாடிக்கு என்ன மண்?

தண்ணீர் நிற்காத மண். நம் பக்கத்துச் செம்மண்ணைத் தனியாகப் போட்டால் இறுகிப்போகும். தும்புத்தூளை மட்டும் போட்டால் பிரிட்ஜுக்குள் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். தும்புத்தூள், ஆற்று மணல், சலித்த கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து, அதன் மேல் இன்னும் ஒரு கை மணலைச் சேருங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இருக்கும். கிழங்கின் மூக்கு, அதாவது கூரான முனை, மேலே பார்க்க, சாடியில் அதன் மேல் ஒரு அங்குல மண் இருந்தால் போதும். குளிர் நாட்டுத் தோட்டங்களில் கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் நடுவார்கள், அது தரைக்கான கணக்கு. பசளை தேவையில்லை. பூக்கத் தேவையானது எல்லாம் கிழங்குக்குள் ஏற்கனவே இருக்கிறது.

வெளியே எடுத்த பிறகு எங்கே வைப்பது?

எடுக்கும்போது முளை ஓரிரு அங்குலம் வெளிறிய மஞ்சளாக இருக்கும். அதை நேரே வெயிலில் வைக்காதீர்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான, மங்கிய மூலையில் இரண்டு மூன்று நாள் வைத்து, பச்சை பிடித்த பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். காலை ஒன்பது மணி வரை வெயில் படும் கிழக்குப் பல்கனி நல்லது. காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருப்பவர்கள் உப்புக் காற்று நேரே அடிக்காத இடமாகப் பாருங்கள், இலை நுனி கருகும்.

வீட்டில் ஏசி இருந்தால் இரவில் சாடியை அந்த அறைக்குள் கொண்டுபோவது பெரிய உதவி. 20, 22 பாகையில் மொட்டு பதறாமல் வளரும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் பூக்கும். முதலில் மொட்டு மெல்லிய உறைக்குள் நேரே வானத்தைப் பார்த்து நிற்கும், பிறகு உறை காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி ஆகி ஒரு பக்கம் கிழியும், மொட்டுகள் ஒவ்வொன்றாகக் கழுத்தை வளைத்துப் பக்கவாட்டில் திரும்பும். கழுத்து திரும்பினால் அடுத்த ஓரிரு நாளில் விரியும் என்று அர்த்தம், அந்த நாட்களில் மண் காயவே கூடாது. குளிரான அறையில் ஒரு பூ ஒரு வாரத்துக்கு மேலேயே நிற்கும், கொழும்பு வெக்கையில் அவ்வளவு நாள் எதிர்பார்க்க வேண்டாம். பகலிலும் குளிர்ந்த அறையில் வைப்பதுதான் அதை நீட்டும் வழி.

இலை வந்தது, பூ வரவில்லை. ஏன்?

செடியைப் பார்த்தாலே தெரியும். மொட்டே தலைகாட்டவில்லை என்றால் குளிர் போதவில்லை, அல்லது பழ வாயு பட்டிருக்கிறது, அல்லது கிழங்கு பூக்கும் அளவுக்கு வளராதது. மொட்டு வந்து, உறைக்குள்ளேயே காகிதம் போலக் காய்ந்தது என்றால் வெளியே எடுத்த பிறகு சூடு அதிகம் பட்டிருக்கிறது அல்லது தண்ணீர் தவறியிருக்கிறது. முதலாவதுக்கு இந்த வருடம் செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவது என்றால் மிச்சமுள்ள சாடிகளை உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள், அவற்றையாவது காப்பாற்றலாம்.

பிரிட்ஜ் வேலையே வேண்டாம். அப்படி ஒரு வாசனை டஃபோடில் இருக்கிறதா?

இருக்கிறது, பேப்பர்வைட். இது மத்தியதரைக் கடலோரத்துச் செடி, குளிர் கேட்காது. வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாக வரும். வாசனையில் இன்டோல் தூக்கலாக இருக்கும், சிலருக்குச் சொர்க்கம், சிலர் அறையை விட்டே எழுந்து போவார்கள். வாங்கும் முன் ஒரு பூவை முகர்ந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நல்லது.

கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு, கிழங்கின் அடி மட்டும் தொடும் அளவுக்குத் தண்ணீர் விட்டாலே மூன்று நான்கு வாரத்தில் பூக்கும். கொழும்பில் இரண்டு தொல்லை. முதலாவது, சூட்டில் தண்டு அளவுக்கு மேலே நீண்டு சாய்ந்துவிடும். இதற்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொன்ன வழி ஒன்று இருக்கிறது: வேர் விட்டு, முளை ஓரிரு அங்குலம் வந்ததும் வெறும் தண்ணீருக்குப் பதிலாக 5 வீத மதுசாரம் கலந்த தண்ணீர் விடுவது. தண்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குட்டையாகும், பூவுக்கு ஒன்றும் ஆகாது. நம் ஊர்க் கணக்கில் ஒரு பங்கு சாராயத்துக்கு ஆறு பங்கு தண்ணீர். பியரும் வைனும் கூடாது, அவற்றில் உள்ள சீனி வேரைக் கெடுக்கும்.

இரண்டாவது தொல்லைதான் எனக்குப் பெரிது: நுளம்பு. கிண்ணத்தில் நிற்கும் தெளிந்த தண்ணீர் டெங்கு நுளம்புக்கு அழைப்பிதழ். முட்டை பொரித்துப் பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி, கிண்ணத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார் என்பதற்காக அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்பதற்காக. இதற்கெல்லாம் நேரம் இல்லையென்றால் மண்சாடியிலேயே நடுங்கள், கீழே தட்டு வைக்காமல்.

லண்டனிலிருந்து அக்கா வருகிறா. சூட்கேசில் நாலு கிழங்கு கொண்டுவரச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி செடி, கிழங்கு எதையும் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவில் விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை இருக்கிறது, விசாரிக்க வேண்டிய இடம் அது.

இதை வெறும் கடதாசி வேலை என்று நினைக்காதீர்கள். டஃபோடில் கிழங்கில் வரும் தண்டுக் கிழங்கு நூற்புழு கண்ணுக்குத் தெரியாது, அதே புழு வெங்காயத்தையும் உள்ளியையும் தாக்கும். யாழ்ப்பாணத்தில் வெங்காயத்தை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. நாலு பூவுக்காக அந்த ஆபத்தை நாம் கொண்டுவரக் கூடாது. அனுமதியோடு கிழங்கு தருவிக்கும் தாவரக் கடைகளிடம் ஜூலை, ஆகஸ்டிலேயே சொல்லி வையுங்கள். பத்தரமுல்லை தியத உயனவில் செடிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே விசாரிக்கத் தொடங்கலாம்.

எந்த வகையைக் கேட்டு வாங்குவது?

'குவெய்ல்' தங்க மஞ்சள், தண்டுக்குப் பூ அதிகம், வாசனை நல்லது. 'பிப்பிட்' எலுமிச்சை நிறத்தில் வந்து நடுக் கிண்ணம் மெல்ல வெளுக்கும். 'பேபி மூன்' எல்லாவற்றிலும் சின்னது, சாடிக்கு அழகு, ஆனால் பிந்திப் பூக்கும், நம் வெயில் ஏறும் நேரத்தோடு மோதலாம். எனக்கு முதல் தெரிவு குவெய்ல். கடைகளில் மிக எளிதாகக் கிடைக்கும் குட்டி டஃபோடில் 'டெட்-ஆ-டெட்', வாசனைக்காக வாங்குவதென்றால் அது வேண்டாம். எதை வாங்கினாலும் கையில் எடுத்துப் பாருங்கள், கனமாக, கல் போல இருக்க வேண்டும்.

நஞ்சு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் அதிகம். லைகோரின் என்ற பொருள்தான் முக்கிய காரணம், சாப்பிட்டால் கொஞ்ச நேரத்திலேயே வாந்தி, வயிற்று வலி வரும். சமைத்தாலும் போகாது. ஜோன்குவில் கிழங்கைச் சின்ன வெங்காயத்தோடு பக்கத்தில் வைத்தால் அவசரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அதுவும் பிரிட்ஜுக்குள் இருக்கும்போது! பையின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வீட்டில் சமைக்க உதவிக்கு வருபவரிடம் வாயாலும் சொல்லுங்கள். யாராவது தின்றுவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள், கிழங்கு ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் மையம் இருக்கிறது. நாய், பூனைக்கும் இது ஆகாது. தண்டை வெட்டும்போது வரும் சாறு சிலருக்குக் கையில் அரிப்பு உண்டாக்கும், கையுறை போடுங்கள்.

சாமிக்கு வைக்கலாமா? மற்றப் பூக்களோடு ஜாடியில் வைக்கலாமா?

சாமிக்குத் தாராளமாக வைக்கலாம், வாசனையுள்ள மஞ்சள் பூதானே. தலையில் வைப்பதைத் தவிருங்கள், சாறு கழுத்தில் பட்டால் அரிக்கும். ரோசாவோடு ஒரே தண்ணீரில் வைத்தால் ரோசா சீக்கிரம் வாடும், டஃபோடில் தண்டிலிருந்து கசியும் பிசுபிசுப்புதான் காரணம். வெட்டிய தண்டுகளைத் தனித் தண்ணீரில் ஒரு இரவு வைத்து, மறுபடி வெட்டாமல் மற்றவற்றோடு சேர்க்கலாம்.

நுவரெலியாவில் வீடு இருக்கிறது. அங்கே தரையில் நடலாமா?

நடலாம், அங்கே நடுவதுதான் நியாயம். கடல் மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேலே, சராசரி 16 பாகை, ஜனவரி பெப்ரவரி இரவுகள் 10க்குக் கீழே போகும், சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும். ஆனாலும் பகலில் 20ஐ எட்டுவதால் பல வாரம் தொடர்ச்சியான குளிர் என்று சொல்ல முடியாது, கிழங்கை முன்கூட்டியே குளிரவைத்து நட்டால் நிச்சயம் கூடும். பூ அங்கே கொழும்பில் கனவிலும் காணாத அளவு நாள் நிற்கும். பூ முடிந்ததும் இலையை வெட்டவோ முடிச்சுப் போடவோ கூடாது, குறைந்தது ஆறு வாரம் அப்படியே விடுங்கள், கிழங்குக்கு அடுத்த வருடச் சாப்பாடு அந்த இலையில்தான் தயாராகிறது. இலை மஞ்சளானதும், மே மாத மழை பிடிக்கும் முன், தோண்டி எடுத்து நிழலில் காயவைத்து வலைப்பையில் தொங்கவிடுங்கள். தரையிலேயே விட்டால் பருவமழை அழுகவைத்துவிடும்.

கொழும்பில் பூத்து முடிந்த கிழங்கை என்ன செய்வது?

மலைநாட்டில் யாராவது இருந்தால் இலை வாடுமுன் சாடியோடு அனுப்புங்கள், அங்கே ஓரிரு வருடத்தில் தேறிவர வாய்ப்புண்டு. இல்லையென்றால் குப்பைக்கு. வெங்காயத் தோலோடு சேர்த்துக் கோழிக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்ய எனக்கு முடியாது. இங்கேயே தரையில் வளரும் வாசனைக் கிழங்குப் பூ ஏதாவது சொல்லுங்கள்.

நிலச்சம்பங்கி. கொழும்பு வெயிலில் வளரும், மாலையில் வாசனை ஜோன்குவிலோடு போட்டி போடும், மேட்டுப்பாத்தியில் நட்டால் மழையையும் தாங்கும். ஜோன்குவிலின் சொந்தக் குடும்பத்திலேயே வேண்டுமென்றால் வெள்ளைச் சிலந்தி லில்லியை நடுங்கள், வீதியோரங்களிலும் பாடசாலை வளவுகளிலும் நீளமான ஆறு இதழோடு நிற்குமே, அதுதான். பொழுது சாயும்போது விரிந்து மணக்கும், கொழும்புச் செம்மண்ணுக்கும் பருவமழைக்கும் கவலையே படாது. கிழங்கு வாங்கக் காசும் வேண்டாம், தெரிந்த வீட்டில் ஒரு புதர் இருந்தால் மழை தொடங்கும் நேரம் பிரித்துத் தரச்சொல்லிக் கேளுங்கள், ஒரு புதரில் பத்துப் பேருக்குக் கொடுக்கும் அளவு குட்டிக் கிழங்கு இருக்கும். இதுவும் நஞ்சுதான், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம்.